மூதூர்க் கடலில் முளைத்த சின்னப் புயல்

ஜனவரியில் திருகோணமலைக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில் ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. "மே மாதம் போ, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார்கள். "இப்ப அங்க மழையும் சேறும்தான்" என்றார்கள். நோர்வேயிலிருந்து தொலைபேசியில் என் கணவர் ஒரே சொல்லில் முடித்தார்: "விசர்." பைத்தியமாம் எனக்கு. அண்ணன் மகனின் கலியாணத்துக்காக வந்தவள் நான். கலியாணம் முடிந்து விமானம் ஏற ஆறு நாள் மிச்சம் இருந்தது. கலியாண வீட்டில் இருந்து மிச்சப் பலகாரத்தைத் தின்று கொண்டு, "பிள்ளை எந்த வகுப்பு?" என்ற கேள்விக்கு நூறாவது தடவை பதில் சொல்வதைவிட மழையும் சேறும் மேல் என்று எனக்குப் பட்டது.

உண்மையான காரணம் வேறு. நான் பிறந்தது யாழ்ப்பாணம். இருபத்திரண்டு வருடமாக இருப்பது நோர்வேயின் வடகோடியில், மீன் பதனிடும் ஆலை ஒன்றைச் சுற்றி வீடுகள் முளைத்த ஒரு சிறு துறைமுக ஊரில். அந்த ஆலையில் மீன் வெட்டித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன். அங்கே குளிர்காலத்தில் ஒரு வகைப் புயல் வரும். பெரிய சூறாவளிபோல் ஒரு வாரம் முன்னதாகப் பெயர் வைத்துக்கொண்டு வராது. காலையில் வானம் நீலமாக இருக்கும், மதியம் கடலில் வெள்ளையாக ஒரு சுவர் நிற்கும், பத்து நிமிடத்தில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் எதுவும் நடக்காததுபோல் வெயிலடிக்கும்.

அது எப்படி உண்டாகிறது என்று ஆலையில் ஒரு பழைய மாலுமி எனக்குச் சொன்னார். வடக்கே பனிக்கட்டியின் மேல் கிடந்து விறைத்த காற்று தெற்கே நழுவித் திறந்த கடலுக்கு வருகிறது. அந்தக் கடல் நாலைந்து பாகை வெப்பந்தான். நாங்கள் விரல் வைத்தால் விறைக்கும். ஆனால் அந்தக் காற்றுக்கு அது எரிகிற அடுப்பு. அடியில் சூடும் ஈரமும் ஏற, மேலே குளிர் அப்படியே இருக்க, காற்று குமுறிக்கொண்டு எழும்புகிறது. எழும்பிய இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடி வருகிறது, ஓடி வருவது சுழல்கிறது. சில மணி நேரத்தில் ஒரு புயல். கரையேறியதும் அடுப்பு இல்லை, அதனால் செத்துப் போகும். சின்னது என்பதால் வானிலை வரைபடங்களின் கண்ணில் அடிக்கடி படாமலே போகும், பெரிய கண் வலையில் நெத்தலி தப்புகிற மாதிரி.

கலியாணத்துக்கு வந்த வாரத்தில் வாடைக்காற்று வழக்கத்தைவிடக் குளிராக இறங்குகிறது என்று வானொலியில் சொன்னார்கள். வங்காள விரிகுடாவோ எப்போதும் வெந்நீர். குளிர்ந்த காற்று, சூடான கடல். திருகோணமலையில் பனிக்கட்டி கிடையாது, அதனால் எங்கள் ஊர்ப் புயல் அங்கே வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுப்பு ஒன்றுதான், பானைதான் சின்னது. அந்தச் சின்னப் பானை கொதிப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் எனக்கு மற்றவர்கள் சொல்வது காதில் ஏறாது, அது பிறவிக் குணம்.

கொழும்பிலிருந்து காலை ஏழு மணிக் குளிரூட்டிய பஸ். 1,850 ரூபா, 265 கிலோமீற்றர், இறங்கும்போது மணி 2.10. ஓர்ஸ் ஹில்லில் உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு சிறு விடுதியில் அறை, காலைச் சாப்பாட்டோடு 6,500. பருவம் இல்லாத காலம் என்பதால் முழு விடுதியிலும் நான் ஒருத்திதான். விடுதிக்காரர் கம்பளித் தொப்பியும் இரண்டு சட்டையும் போட்டுக்கொண்டு சாவியைத் தந்தார். வெப்பநிலை இருபத்தொரு பாகை. எங்கள் ஊரில் அந்த வெயிலுக்குப் பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டு அழும். நான் சிரித்துவிட்டேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

மாலையில் கோட்டைப் பக்கம் நடந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அங்கே ரோட்டோரம் திரியும் மான்கள் எல்லாம் ஒரு மதிலோடு ஒட்டி நின்றன. முப்பது நாற்பது இருக்கும். ஒன்றும் மேயவில்லை, ஒன்றும் அசையவில்லை, எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நான் கிட்டப் போனேன். விலகவில்லை.

என்னைத் திரும்ப ஏற்றிவந்த ஓட்டோக்காரரின் பெயர் சிவா, லிங்கநகர்க்காரர். "முந்தி ஒருக்கா இப்பிடித்தான் குளிர் இறங்கினது அக்கா," என்றார். "விடியப் பார்த்தா மாடுகள் வயலில செத்துக் கிடக்குதுகள். நோயும் இல்லை, ஒண்டும் இல்லை. குளிரில." நாளை விடிய மூதூருக்குப் போக முடியுமா என்று கேட்டேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓம், போகலாம்," என்றார். "ஆனா கடல் பார்க்க நல்ல நாள் இல்லை."

ஏன் மூதூர் என்று கேட்பீர்கள். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது அது. அதற்குப் பின்னால் வயலும் ஆற்றுப் படுகையும். இரவு முழுக்க அந்த வயல்களில் குளிர்ந்த காற்று விடியற்காலையில் தண்ணீர் வழிவதுபோல் குடாவுக்குள் வழிந்து இறங்கும். வெளியிலிருந்து வாடை வரும். இரண்டும் சூடான கடலின் மேல் முட்டிக்கொள்ளும். முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பும். பத்து மணிக்கு நிலம் சூடேறினால் எல்லாம் கலைந்துவிடும், அதனால் விடியவே போகவேண்டும்.

காலை 4.45க்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலம் வழியாக 38 கிலோமீற்றர், 4,000 ரூபா. 5.50க்கு மூதூர்க் கரையில் இறங்கினேன். விடுதிக்காரர் தந்த இலக்கத்தில் முதல் நாளே பேசி வைத்திருந்த படகுக்காரர் ரிஸ்வான் அங்கே நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணெண்ணெய்க் கலனைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு 6,000 என்று பேச்சு. கரையில் படகுகள் எல்லாம் ஏற்றிக் கிடந்தன. குளிருக்குப் பயந்து ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஒரே ஒரு இடம் வெறுமையாக இருந்தது.

"அது எங்கட நானாட போட்," என்றார் ரிஸ்வான். நானா என்றால் அண்ணன். அண்ணன் நஸீர் முதல் நாள் போட்ட வலையை எடுக்க விடிய நாலு மணிக்கே தனியாகப் போயிருந்தார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். நஸீரின் மனைவி பர்ஸானா சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்துக்கொண்டு, கையில் கைத்தொலைபேசியோடு கரையில் நின்றார். என்னைப் பார்த்ததும் ரிஸ்வானிடம், "பொம்பளையையா கூட்டிட்டுப் போறாய்?" என்று கேட்டார். ரிஸ்வான், "வெளிநாட்டு அக்கா மதினி, மேகம் பார்க்கவாம்," என்றார். பர்ஸானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேகம் பார்க்கக் காசு கொடுக்கிற ஒருத்தியை அன்றுதான் பார்த்திருப்பார்.

வெளிச்சம் வந்தபோதுதான் அதைக் கண்டேன். குடா கடலோடு சேரும் வாய்ப்பக்கத்தில் தெரிய வேண்டிய தரை தண்ணீரைத் தொடவில்லை. தரைக்கும் கடலுக்கும் நடுவில் வெளிச்சமாக ஒரு கீலம், மெல்லிய பட்டைபோல், ஓடியது. தூரத்து வெளிச்சவீட்டுக் கோபுரம், மரங்கள், பாறை எல்லாம் அந்தக் கீலத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை. நோர்வேயில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சூடான தண்ணீரின் மேல் குளிர்ந்த காற்று படுத்திருந்தால் வெளிச்சம் வளைந்து வரும், பொருட்களின் அடிப்பாகம் மறைந்து, மேற்பாகம் மிதக்கும், சில நேரம் தலைகீழாக இன்னொன்றும் அடியில் தெரியும். காரணம் தெரியும் என்பதால் உடம்பு கூசாமல் இருக்குமா? கூசியது. நான் விரலை நீட்டி, "தம்பி, அங்க பாருங்கோ," என்றேன்.

ரிஸ்வான் பார்க்கவில்லை. "விரல் நீட்டாதீங்க அக்கா," என்றார். "கரை இப்பிடி எழும்பி நிக்கிற நாளில நாங்க கரையப் பார்க்கிற இல்ல. முன்னாலதான் பார்க்கிற."

"ஏன்?"

"பார்க்கிற இல்ல. அவ்வளவுதான்."

6.30க்குப் புறப்பட்டோம். நான் முன்னணியத்தில், வெள்ளை மழைச்சட்டையோடு, ரிஸ்வான் பின்னால் இயந்திரத்தில். முதுகில் நிலத்துக் குளிர்காற்று, முன்னால் மேகம். அந்த மேகம் கிழக்கு மேற்காக ஒரே கோடாக நின்றது, அடி கறுத்து, மேலே வெள்ளைக் கட்டியாக. பயத்தை மறைக்க நான் ஓயாமல் கேள்வி கேட்டேன். கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"தென்னையப் பார்த்துத்தான்," என்றார். "முதல்ல மணல் மறையும். பிறகு தென்னையிட அடி மறையும். அடி மறைஞ்சா நாலு மைல். தலை மட்டும் தெரிஞ்சா ஆறு. இருட்டில எண்டா எஞ்சின் ஓடின நேரத்தைக் கணக்குப் பண்ணுவம். நாலு மைலுக்கு அரை மணித்தியாலம்."

அவர் சொன்னதைக் கேட்டு நான் திரும்பிக் கரையை ஒரு படம் எடுத்தேன். அவர் திரும்பவில்லை. பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து நின்று மேகத்தையும் எடுத்தேன். முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது, முதுகில் இன்னும் குளிர். இரண்டுக்கும் நடுவில் நின்றோம். தண்ணீரில் நுரையும் சருகும் பிளாஸ்டிக் போத்தல்களும் ஒரே கோடாகச் சேர்ந்து கிடந்தன. இதைப் பார்க்கத்தானே வந்தேன் என்று மனம் துள்ளியது. அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம் இருந்திருக்கும்.

6.55க்கு ரிஸ்வானின் தொலைபேசி அடித்தது. பர்ஸானா. அவர் சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது. நஸீர் பேசினாராம். இயந்திரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது, படகுக்குள்ளும் தண்ணீர் ஏறுகிறது. நாலு மைலில் நிற்கிறார், தென்னையின் அடி மறைந்த இடம், வெளிச்சவீட்டுக்கு மேற்குப் பக்கம். அவ்வளவுதான், தொலைபேசி செத்துவிட்டது. பட்டன் போன், ஈரம் தாங்கவில்லை. "கெதியாப் போ ரிஸ்வான்," என்றார் பர்ஸானா. "கரையில இருந்து இன்னும் மூணு போட் வருது. நீதான் கிட்ட நிக்கிறாய்."

ரிஸ்வான் என்னைக் கரையில் விடவா என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டார். ஐந்து நிமிடத்தில் மழை வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. முன்னால் இருந்த மேகத்தின் அடி அப்படியே எங்கள்மேல் இறங்கியது. கரை போனது, வெளிச்சவீடு போனது, படகின் பின்னணியத்தில் இருந்த ரிஸ்வானே சாம்பல் நிறமாகிவிட்டார். காற்று ஒரு பக்கத்திலிருந்து வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. என் பானை கொதிக்கத் தொடங்கிவிட்டது, நான் அதற்குள் இருந்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நாலு மைல் வரும்வரை ஓட்டி, அங்கே வட்டமடிக்கத் தொடங்கினார். "நானா! நானா!" என்று கத்தினார். நானும் கத்தினேன். மழை எல்லாவற்றையும் விழுங்கியது. சிறிது நேரத்தில் மற்ற மூன்று படகுகளும் வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர்களும் நாலு மைலில்தான் தேடினார்கள். ஒருவரையொருவர் நாங்கள் ஒருமுறைகூடக் காணவில்லை. 7.50 ஆகியும் ஒன்றும் இல்லை. ரிஸ்வான், "காத்து வெளிய தள்ளியிருக்கும், இன்னும் வெளிய போவம்," என்றார்.

மழை வருமுன் வெளிச்சவீடு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்ப்போம் என்றுதான் மழைச்சட்டைக்குள் தலையை நுழைத்துத் தொலைபேசியில் படங்களைத் திறந்தேன். கரையை எடுத்த படம். தென்னைகளின் மேற்பாதி, அதற்குக் கீழே வெளிச்சக் கீலம். அடி இல்லை. படத்தின் நேரம் 6.47. படத்தோடு பதிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். மூதூர்க் கரையிலிருந்து 3.2 கிலோமீற்றர்.

"தம்பி, நிப்பாட்டுங்கோ," என்றேன். "இண்டைக்குத் தென்னை அடி மறைஞ்சது ரெண்டு மைலில. நாலில இல்லை. குளிர்காத்து வெளிச்சத்தை வளைச்சுப்போட்டுது. உங்கட நானா இருட்டோட வலைக்குப் பின்னால இழுபட்டுத் திரிஞ்சவர், அவருக்கு நேரக் கணக்கு இல்லை. விடிஞ்சாப்பிறகு தென்னையைப் பார்த்துத்தான் நாலு மைல் எண்டு சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரைத் தாண்டி வந்திட்டம்."

"அக்கா, நான் இருபது வருசமாக் கடல்ல நிக்கிறன்," என்றார் ரிஸ்வான். "அடி மறைஞ்சா நாலு மைல். வாப்பா காலத்திலயிருந்து நாலு மைல்தான்."

"இண்டைக்குக் கரையைப் பார்த்தனீங்களோ?"

பார்க்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பினார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கம். "உங்கட அண்ணன் தாழுறார், நீங்கள் படத்தைப் பார்க்கப் பயப்படுறியள்!" என்று கத்தினேன்.

அவர் பார்த்தார். பிறகு குனிந்து மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கிக் குலுக்கினார். "இந்தப் படம் எடுக்கேக்க எவ்வளவு எண்ணெய் முடிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். "நாலு மைல் போற எண்ணெய் இல்ல அது." மற்றப் படகுகளுக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. ஒருவர் ஏசியதும் கேட்டது. நாங்கள் மட்டும் திரும்பினோம். நான் சொன்னது பிழையென்றால், தேடிய நாலு படகில் ஒன்றை நான்தான் திருப்பி எடுத்தேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பதினைந்து நிமிட ஓட்டத்தில் அந்த நுரைக்கோடு மறுபடி கண்ணில் பட்டது. இரண்டு காற்றும் எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் இருப்பது எங்கும் போகாது. சருகும் போத்தலும் அங்கே கிடக்கிறதென்றால் படகும் அங்கேதான் கிடக்கும். கோட்டோடு மெதுவாகப் போய் அடிக்கடி வட்டமடித்துத் தேடினோம். 8.20க்கு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டோம்.

முதலில் மழைதான். பிறகு மழைக்குள் ஒரு குரல். எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியவில்லை, மேலேயிருந்து வந்ததுபோல் இருந்தது. நீண்டு, இழுத்து, நடுங்கி, மறுபடி எழும்பியது. பாங்கு. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பார்களே, அதே வரிகள். ரிஸ்வான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாங்கு நேரம் இல்ல இது," என்றார் மெல்ல. "கரையிலயிருந்து இஞ்ச கேட்கவும் மாட்டாது."

இருவரும் அசையாமல் இருந்தோம். குரல் ஒரு இடத்தில் உடைந்து இருமியது. அந்த இருமலில்தான் ரிஸ்வான் துள்ளி எழுந்தார். "நானா!"

அறுபது எழுபது அடி தூரத்தில் படகு நின்றது. பாதி தண்ணீர். நஸீர் முன்னணியத்தில் நின்று, கையைக் காதில் வைத்து, கண்ணை இறுக மூடிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். ரிஸ்வான் கூப்பிட்டதும் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். முழுதாக முடித்தபின்தான் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவில்லை. "நீ ரிஸ்வான் எண்டா உம்மாட பேரைச் சொல்லு," என்றார். ரிஸ்வான் அழுதுகொண்டே சொன்னார். அதற்குப் பிறகுதான் கயிற்றைப் பிடித்தார். குளிரில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். எங்கள் படகில் ஏறியபின் கரை வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

9.15க்குக் கரை. மழை விட்டிருந்தது, தென்னைகள் தங்கள் அடியோடு ஒழுங்காக நின்றன. மற்ற மூன்று படகுகளும் அரை மணி பிந்தி வந்து சேர்ந்தன. பர்ஸானா அழுவார் என்று நினைத்தேன். ஓடிவந்து சால்வையால் புருசனின் தலையைத் துடைத்துக்கொண்டே ஏசினார்: "தனியப் போகாதீங்க எண்டு நான் சொல்லல்லையா? சொன்னனா இல்லையா?" அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். என்னை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார்கள். மறுக்க ஏலாத மாதிரிக் கையைப் பிடித்து இழுத்தார் பர்ஸானா.

பயணக் கட்டுரை என்றால் கடைசியில் செலவும் அறிவுரையும் வேண்டும். அவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைச் சொன்னபின் விலை எழுத எனக்கு மனம் வராது. ஓர்ஸ் ஹில்லில் இருந்து போய்வர ஓட்டோ 8,000, காத்திருப்புக்கு ஆயிரம் சேர்த்துக் கொடுங்கள். படகுக்கு 6,000, உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். நான் கேட்கவில்லை, அது முட்டாள்தனம். தொலைபேசியில் அன்றைய காற்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்று காட்டியது. இவ்வளவு சின்னப் புயல் அதற்குத் தெரியாது. அதை நம்பிக் கடலில் இறங்காதீர்கள். மேகக்கோட்டைக் கரையிலிருந்தே பார்க்கலாம், ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் மிக அழகு. தூரத்துக் கரை தண்ணீரை விட்டு எழும்பி நின்றால் கடலுக்குப் போகவே வேண்டாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமாட்டார்கள். கரையைப் பார்க்காதே என்று அந்த ஊரார் வைத்த வழக்கம், அப்படிப்பட்ட நாளில் கரை பொய் சொல்லும் என்று கண்ட யாரோ வைத்ததாகத்தான் இருக்கும். காரணம் எங்கோ விழுந்துவிட்டது, பயம் மட்டும் மிஞ்சிவிட்டது.

வீட்டில் இடியப்பமும் சொதியும் இஞ்சித் தேநீரும் தந்தார்கள். நஸீர் போர்வைக்குள் ஒரு கதிரையில் இருந்தார், நாற்பது வயது மனிதர். இரண்டாவது கோப்பை குடித்தபின் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏழு மணிக்கு முன்னால ஒரு போட் போச்சுது," என்றார். "தண்ணியில படாமப் போச்சுது. மேல ரெண்டு பேர், கீழ தலைகீழா ரெண்டு பேர். ஒண்டு பொம்பளை. வெள்ளை உடுப்பு. போட் நிண்டுது, அவ எழும்பி நிண்டு பார்த்தா. எங்கட கடலுக்குப் பொம்பளை போற இல்ல. அது மனிசர் இல்ல எண்டு விளங்கிட்டுது."

ரிஸ்வான் கடலில் நிற்பது அவருக்குத் தெரியாது. பர்ஸானா சொல்ல முன்னமே தொலைபேசி செத்துவிட்டதே.

"நான் சத்தம் போடல்ல," என்றார் நஸீர். "போட்டுக்குள்ள குப்புறப் படுத்திட்டன், கண்ணில படக்கூடாது எண்டு. பிறகு மழை. மழைக்குள்ள அதே எஞ்சின் சத்தம் திரும்பி வந்து என்னைச் சுத்திச் சுத்தி வருது. அதுக்குப் பிறகுதான் எழும்பிப் பாங்கு சொன்னன். அது போகட்டும் எண்டு."

தேநீர்க் கோப்பையை வைத்தேன். முதலிலேயே அவர் கூப்பிட்டிருந்தால் ஏழு மணிக்கே தூக்கியிருப்போம். நான் படகில் இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பார். நான் படகில் இல்லாவிட்டால் அந்தப் படமும் இருந்திராது. இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு விடை வரவில்லை, இப்போது நோர்வேயில் இருந்து எழுதும்போதும் வரவில்லை. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: உயிருக்குப் போராடும் ஒரு மனிதர், ஆண்டவனைக் கூப்பிட்டு, என்னை விரட்டியிருக்கிறார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஓட்டோ வந்ததும் எல்லோரும் வாசல் படலைவரை வந்தார்கள். நஸீரும் போர்வையோடு வந்தார். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வை மெல்ல என் கால்களுக்குப் போனது. பேய்க்குக் கால் தரையில் படாது என்று எந்த மதத்துப் பிள்ளைக்கும் எங்கள் ஊர்களில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். ஈர மணலில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தேன். பாதங்கள் பதிந்த இடத்தில் மெல்லத் தண்ணீர் ஊறியது.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க அக்கா," என்றார்.